கட் சொன்ன பிறகு

பாட்டுக்குப் படம் பிடிக்கும்போது யாரும் மைக் வைப்பதில்லை. ஸ்பீக்கரில் பாட்டு ஓடும், நடிப்பவர் வாயசைத்தால் போதும். அதனால் ‘கட்’ சொன்ன பிறகு நடிகை ரோஸ்லின் பேசியது, ஓடிக்கொண்டிருந்த கேமராவில் சத்தமில்லாமல்தான் பதிந்திருந்தது. அன்று வீடு திரும்பும் வழியில் அவள் ஸ்கூட்டர் மீது லாரி ஏறி, அங்கேயே இறந்துவிட்டாள்.

“இந்தத் துண்ட வெட்டிரவாண்ணே?” என்றான் எடிட்டர் பாபு.

“வேணாம்டா. மெதுவா ஓட்டு,” என்றான் இயக்குநர் செந்தூரன். அவளிடம் சொல்ல அவனிடமும் ஒன்று இருந்தது. ஷூட்டிங் முடியட்டும் என்று வைத்திருந்தான்.

திரையில் அவள் அவன் பெயரைச் சொல்வது உதட்டில் தெரிந்தது. அடுத்த சொல் வருவதற்குள், ‘அப்புறம் பேசலாம்’ என்று கேமராவுக்குப் பக்கத்திலிருந்து உயர்ந்த அவன் கையே அவள் வாயை மறைத்தது.

“இன்னும் மெதுவா.”

கை இறங்க இன்னும் நேரமானது. இறங்கியபோது அவள் சரியென்று தலையாட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.