மூன்று மாதச் சராசரி

“ஒளிச்சு ஒளிச்சு என்னதான் தின்னீங்கக்கா? உண்மையைச் சொல்லுங்க, அடிக்க மாட்டேன்” என்றாள் நர்ஸ் ஃபூசி, பரிசோதனைத் தாளை ஆட்டியபடி.

கலோலைனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “கர்த்தர் சத்தியமா ஒண்ணும் தின்னலடி! ஞாயித்துக்கிழமை விருந்துல ஊரே சேம்பிலையில சுட்ட கறியை வளைச்சுக் கட்டுது. நான் அவிச்ச மீனோட எழுந்துடறேன். காலையில விரல்ல குத்தினியே, நல்லாத்தானே இருந்துச்சு?”

“அது அந்த நேரத்துக் கணக்கு. இது மூணு மாசச் சராசரி, ரெண்டு நாள் பட்டினி கிடந்து ஏமாத்த முடியாது. ஆறரையைத் தொட்டாலே சர்க்கரை வியாதிங்கறோம். உங்களுக்கு எட்டரை!”

கலோலைன், சாவு விழுந்த வீட்டு வழக்கப்படி இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த துக்கப் பாயை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் புருஷன் கதை வவாவு தீவுக்கே தெரியும். சர்க்கரையில் முதலில் கால்விரல் போனது, பிறகு ஒரு கால், பிறகு இன்னொன்று. ஈஸ்டருக்கு முன்னால் ஆளும் போய்விட்டார். தானும் அப்படிப் படுத்துவிட்டால் பிள்ளைகள் இன்னொரு தடவை தாங்க மாட்டார்கள் என்பதுதான், பாவம், அவளுடைய ஒரே பயம்.

“அந்த மூணு தடியன்களுக்காகத்தாண்டி வாயைக் கட்டுறேன்!” என்று அழுதே விட்டாள். “போன மாசம் கர்ப்பப்பையை எடுத்தப்போ ரத்தம் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. எங்கம்மாவுக்கு எங்க ரத்தத்தைத்தான் ஏத்தணும்னு மூணு பேரும் சண்டை போட்டுக் கையை நீட்டினானுங்க. மூணு பேரோடதையும்தான் ஏத்தினாங்க. அவனுங்களுக்கு நான் பாரமாயிடக் கூடாது.”

போன மாதம் முழுக்க ஃபூசி தலைநகரில் பயிற்சியில் இருந்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி. கேலியெல்லாம் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“அக்கா, உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கற மாதிரி தெரியல.”

“என்னடி சொல்ற?”

“சர்க்கரை ரத்த அணுவுல ஒட்டிக்கும். அதைத்தான் இந்தச் சோதனை அளக்குது. அந்த அணு வேற உடம்புக்குப் போனாலும், பழைய உடம்புல ஒட்டினது போகாது. உங்க ரத்தம் கொட்டிப் போச்சு. இப்போ உள்ள ஓடறதுல பாதி உங்களோடது இல்ல.”

“அல்லேலூயா!” கலோலைன் கைதட்டிச் சிரித்தாள். “வயித்துல பாலை வார்த்தேடி! அப்போ இது என்னோட…” சிரிப்பு பாதியில் நின்றது.

“பசங்களை நாளைக்கே கூட்டிட்டு வாங்க” என்றாள் ஃபூசி, அவள் முகத்தைப் பார்க்காமல். “ஒருத்தனுக்கா, மூணு பேருக்குமான்னு பார்த்துடணும்.”

கலோலைன் அந்தத் தாளைப் பிடுங்கி மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“எனக்குத்தான்னு எழுதிக்கோடி.”