வந்துகொண்டே இருக்கும் கயிறு

"மச்சான், மறுபடியும் அறுந்துடுச்சு!"

இழுவைப் படகின் பின்தளத்திலிருந்து இன்ஜினியர் கத்தினான். படகின் கேப்டனுக்கு அவன் சொந்த மைத்துனன். கெட்ட செய்தி சொல்லும்போது மட்டும் அவன் குரலில் ஒரு தனி உற்சாகம் வந்துவிடும்.

கேப்டன் திரும்பிப் பார்த்தார். அறுந்த கயிறு தண்ணீரில் மிதந்தது. அதற்கப்பால் அந்தச் சரக்குக் கப்பல் தேமே என்று நின்றது. காலையில் பனிமூட்டத்தில் இன்னொரு கப்பல் இடித்ததில் விலாவில் ஓட்டை, இன்ஜினும் அவுட். நின்றது என்று சொல்வதெல்லாம் மரியாதைக்குத்தான். உண்மையில் அது பாறைகளை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

வயர்லெஸ் கரகரத்தது. கப்பலின் கேப்டன்.

"சார், முதல்ல உங்க கயிறு போச்சு. அப்புறம் எங்க கயிறு போச்சு. இப்ப ரெண்டையும் முடிச்சுப் போட்டதும் போச்சு. பாறைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். பதினெட்டு பேர் இருக்கோம் சார்!"

"பயப்படாதீங்க, நான் இருக்கேன்ல" என்றார் இவர். சொல்லிவிட்டுப் பாறைகளை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"புதுக் கயிறு வாங்குங்கன்னு அப்பவே சொன்னேன்" என்றான் மைத்துனன். "துணி காயப்போடக்கூட இது ஆகாதுன்னு அக்காவும் சொன்னா."

"உங்க அக்காவை ஏன்டா நடுக்கடலுக்கு இழுக்கிற?"

"அவளையாவது இழுக்க முடியுதே!"

"ஆர்டர் குடுத்து ஆறு மாசமாச்சுடா. கடைக்காரன் அனுப்பினாத்தானே?"

இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கயிற்றுக்கடைக்குப் போன் போட்டார். மைத்துனன் வேண்டுமென்றே ஸ்பீக்கரைத் தட்டிவிட்டான்.

"அண்ணே, வணக்கம்! உங்க கயிறுதானே? வந்துக்கிட்டே இருக்கு!"

"யோவ், ஆறு மாசமா வந்துக்கிட்டே இருக்கு! நடந்து வந்திருந்தாக்கூட இந்நேரம் வந்திருக்கும். எனக்கு இப்ப, இந்த நிமிஷம் வேணும்!"

"இந்தத் தடவை நிஜமாவே கிளம்பிடுச்சுண்ணே. இன்னிக்குக் காலையில உங்க கையில இருந்திருக்கணும். நடுவுல ஒரு தடங்கல்."

"போன தடவை குடோன் சாவி தொலைஞ்சதுன்னே. அதுக்கு முன்னாடி உன் மாமனாருக்குக் கால் சுளுக்குன்னே. இப்ப என்ன கதை?"

"சத்தியமா என் தப்பு இல்லண்ணே. எல்லாம் ஒரு தண்டத்தால வந்தது. அவன் மட்டும் ஒழுங்கா வேலை பார்த்திருந்தா..."

"யாருய்யா அவன்? சொல்லு, போய் நாலு சாத்து சாத்தறேன்!"

"நானும் வர்றேன் மச்சான்" என்றான் மைத்துனன். "நாலுல ரெண்டு எனக்கு."

கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். "உங்க கயிறு ஏத்தின கப்பலைக் காலையில எவனோ இடிச்சுட்டானாம். அதை இழுத்துட்டு வர ஒரு படகு போயிருக்கு. அந்தப் படகுக்காரன் நைஞ்சுபோன கயித்தை வச்சுக்கிட்டு மூணு தடவை அறுத்துட்டானாம்ண்ணே! ஏஜெண்ட் இப்பத்தான் தலையில அடிச்சுக்கிட்டு சொன்னாரு."

கேப்டன் போனை வைத்தார். மைத்துனன் சட்டைக் கையை மெதுவாக மடித்துவிட்டுக்கொண்டான். "மச்சான், அந்த ரெண்டு சாத்து..."

அது காதிலேயே விழாதவர்போல் கேப்டன் வயர்லெஸ்ஸைப் பிடுங்கினார்.

"சார், உங்க மேல்தளத்துல என் பேருக்கு ஒரு பெரிய பார்சல் இருக்கும். அதைப் பிரிச்சு, ஒரு முனையை அங்கேயே கட்டிட்டு, மறுமுனையை மட்டும் எனக்கு டெலிவரி பண்ணுங்க!"