ஒற்றைக் கோடு

மூக்குக்கண்ணாடிக் கடையில் மூன்று தலைகள் ஒரே போனுக்கு மேல் கவிழ்ந்திருந்தன.

போன் பஸ் டிரைவருடையது. இன்னொரு தலை கடைக்காரர். மூன்றாவது, எதிர்ப் பள்ளியின் டிராயிங் டீச்சர். சாப்பாட்டு இடைவேளைக்கு வந்திருந்தாள்.

மூவரும் ஒரே சின்னக் கம்பெனியில் பங்கு வாங்கியவர்கள். பஸ் எங்கே வருகிறது என்று போனில் காட்டும் செயலி அந்தக் கம்பெனியுடையது. என் பஸ் எங்கே நிற்கிறது என்று என்னைவிட அதற்குத்தான் நன்றாகத் தெரியும் என்று சொல்லிச் சொல்லியே டிரைவர் மற்ற இருவரையும் உள்ளே இழுத்திருந்தார்.

அன்று காலை கம்பெனி தன் லோகோவை மாற்றியது. பச்சைப் பெட்டிக்குள் இருந்த பஸ் போய், ஒரே ஒரு கோடு வந்திருந்தது. கீழிருந்து எழும்பி, வளைந்து, திரும்பி, தன்னையே தொடப்போகும் இடத்தில் சட்டென்று நின்றுவிடும் கோடு.

பதினொரு மணியிலிருந்து பங்கு விலை சரிய ஆரம்பித்தது.

காரணம் ஒரு வதந்தி. லோகோ திருட்டு, எங்கேயோ யாரோ வரைந்தது, வழக்கு வரப்போகிறது. போனில் இருந்த முதலீட்டாளர்கள் குழுவில் 'உண்மைவிளம்பி' என்ற பெயரில் வந்தது நாலே வரி. மதியத்துக்குள் அதற்குக் கை கால் முளைத்து, முதலாளி குடும்பத்தோடு ஓடிவிட்டார் என்பதுவரை போயிருந்தது.

அந்த நாலு வரியை எழுதியது டீச்சர்.

ஐந்தாவது வகுப்பை ஆப்பிள் வரையச் சொல்லிவிட்டு, மேஜைக்கு அடியில் போனை வைத்து எழுதினாள். பத்தொன்பது வருஷமாக அதே ஆப்பிள்.

லோகோவை வரைந்தது யார் என்று கம்பெனி சொல்லவில்லை. அவளுக்கு மட்டும் விடியும்போதே தெரியும். நான்தான் வரைந்தேன் என்று போனில் மூச்சிரைக்கச் சொன்ன குரலிடம், ரொம்ப சந்தோஷம் என்றுகூடச் சொன்னாள்.

கோடு மோசமாக இருந்திருந்தால் விட்டிருப்பாள். அது நன்றாக இருந்தது. மெலிய வேண்டிய இடத்தில் மெலிந்து, கையை எடுக்க வேண்டிய இடத்தில் எடுத்திருந்தது. அதனால்தான் வயிறு எரிந்தது.

விலை இறங்க இறங்க அவளுடைய பங்கும் சேர்ந்துதான் கரைந்தது. கரையட்டும் என்றிருந்தது.

ஒரு லோகோவுக்கா இவ்வளவு கூத்து என்று கடைக்காரர் அலுத்துக்கொண்டார். டிரைவர் விலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததையெல்லாம் அவர் இதில்தான் போட்டிருந்தார். கட்டைவிரல் 'விற்க' என்ற பொத்தானுக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

"டீச்சர், நீங்க சொல்லுங்க. படம் வரையறவங்க கண்ணுக்குத் தப்பாது. இது திருட்டா?"

இல்லை என்ற ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது.

கோட்டை இன்னொரு முறை பார்த்தாள்.

"பார்த்தா அப்படித்தான் இருக்கு."

கட்டைவிரல் இறங்கியது. ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் விற்றார். நல்ல வேளை நீங்கள் இருந்தீர்கள் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

போன் 'டிங்' என்றது. குழுவில் புதிதாக ஒரு பதிவு. லோகோ வரைந்தவளே எழுதியிருந்தாள். கடைக்காரர் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, உரக்கப் படித்தார்.

'இது என் சொந்தக் கோடு. எதையும் பார்த்துப் போடவில்லை. ஆனால் எனக்குப் பென்சில் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது என் அக்கா. அவள் கை எனக்கு இன்னும் வரவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் அவளையே கேளுங்கள். தங்கை என்பதற்காகவெல்லாம் அவள் பொய் சொல்ல மாட்டாள்.'

அதற்குக் கீழே அக்காவின் பெயரும், அவள் வேலை பார்க்கும் எதிர்ப் பள்ளியின் பெயரும் இருந்தன.

அந்த இரண்டையும் கடைக்காரர் குரலை இறக்கித்தான் படித்தார்.

டிரைவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார்.