ஃப்ரிட்ஜில் வைத்த தேன்

தண்ணீர் குடிக்க ஃப்ரிட்ஜைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மேல்தட்டிலிருந்து காய்கறி வைக்கும் பெட்டி வரைக்கும் தேன் பாட்டில்கள். ஒரு தக்காளி வைக்கக்கூட இடமில்லை.

அத்தனையும் குளிரில் உறைந்த தேங்காயெண்ணெய் போல வெளுத்து இறுகிக் கிடந்தன.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து பத்து நிமிடம் ஆகவில்லை. வயிற்றில் தையல் இன்னும் சுருக்கென்றது.

மொட்டைமாடியில் மூன்று தேன்பெட்டி வைத்திருக்கிறாள். போன வருஷம் வரை வீட்டுக்கே தேன் போதவில்லை. இந்த வருஷம்தான் தேனீக்கள் மனசு வைத்தன. ஒரு வாளி நிறைய எடுத்து, வடிகட்டி, மூடி வைத்த அன்றைக்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள்.

சொந்தபந்தம், அக்கம்பக்கம் என்று எல்லாருக்கும் கொடுத்து ஒருமுறையாவது பெருமையடித்துக்கொள்ள நினைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் கிடந்த இருபத்திரண்டு நாளும் வயிற்றைவிட அந்த வாளியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டாள்.

தினமும் கணவனிடம் கேட்பாள். தேன் பத்திரமாக இருக்கிறது என்பான். கூடவே, சின்னக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்பான்.

பத்திரமாக வைத்திருக்கிற லட்சணம் இதுதான்.

“தேனைப் போய் யாராவது ஃப்ரிட்ஜுல வைப்பாங்களா? பத்து வருஷமா என்கூடத்தானே குடும்பம் நடத்துறீங்க?”

அவன் லிஃப்ட் மெக்கானிக். பதினாலாவது மாடியில் அனாயாசமாகத் தொங்கிக்கொண்டு வேலை பார்ப்பவன். இவள் குரல் கொஞ்சம் உயர்ந்தால் போதும், எச்சில் விழுங்குவான்.

“வெளிய வச்சா ரொம்ப நாள் தாங்காதுன்னு நெனச்சேன்” என்றான்.

ஈரம் படாமல் இறுக்கி மூடினால் வருஷக்கணக்கில் கெடாது என்று சிடுசிடுத்தாள். எத்தனை வருஷம் என்று கேட்டான். இருபது, முப்பது வருஷம்கூடக் கிடக்கும் என்றாள்.

அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. திட்டு வாங்கும்போது மனுஷனுக்கு என்ன நிம்மதி என்று அவளுக்கு இன்னும் எரிச்சலாகிவிட்டது.

நல்லவேளை, எதுவும் பாழாகவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிற்க வைத்தால் இளகிவிடும். அடுப்பில் தண்ணீர் வைக்கச் சொல்லிவிட்டு முதல் பாட்டிலுக்குக் கையை நீட்டினாள். நீ போய் உட்கார், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் அவசரமாகக் குறுக்கே வந்தான். அவள் காதில் வாங்கவில்லை.

பாட்டிலைத் திருப்பி ஈரத்தைத் துடைத்தாள். பின்பக்கம், இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் நோட்டுப் புத்தக லேபிள் ஒட்டியிருந்தது. அதில் கணவனின் கோழிக்கிறுக்கல்.

“எட்டாவது பிறந்தநாள். அம்மா எடுத்த தேன்.”

மகளுக்கு அடுத்த மாதம்தான் எட்டு வயது.

இன்னொன்றை எடுத்தாள்.

“ஒன்பதாவது பிறந்தநாள். அம்மா எடுத்த தேன்.”

ஒவ்வொன்றாகத் திருப்பினாள். பதினைந்து. பதினெட்டு. இருபத்திரண்டு. அடுப்பில் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியது. இரண்டு பேருமே அதை அணைக்கவில்லை. அவனைத் திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

கடைசி பாட்டில் மூலையில் இருந்தது. அதன் லேபிளில் மட்டும் எழுத்து கொஞ்சம் கூடுதல்.

“முப்பத்தோராவது பிறந்தநாள். அம்மா எடுத்த தேன். இதோட தீந்துபோச்சு கண்ணு. மெதுவா சாப்பிடு.”