நாற்பது நாள் சார்ஜ்

மீட்டர் இரண்டு வோல்ட் கூடக் காட்டவில்லை.

கோகிலா பதறவில்லை.

நாற்பது நாளுக்கு முன் பன்னிரண்டு வோல்ட் ஏற்றி, ஈரம் படாமல் டப்பாவில் வைத்த பிலிம் கெப்பாசிட்டர் அது. மாதக்கணக்கில் சார்ஜைப் பிடித்து வைக்கும் என்று அவள்தான் அடித்துச் சொல்லியிருந்தாள்.

பக்கத்து டப்பாவில் அலுமினிய வகை. அதுவும் காலி.

"ரெண்டும் ஒண்ணாட்டத்தான் கண்ணு இருக்குது" என்றார் பட்டறை முதலாளி சென்னியப்பன். குரல் இறங்கியிருந்தது.

மண்சரிவு சைரனுக்கான பாகம். மலையில் மண் நகர்ந்தால் சரிவின் குறுக்கே கட்டிய கம்பி அறும். கெப்பாசிட்டரில் இருக்கும் சார்ஜ்தான் சைரனை எழுப்ப வேண்டும். அடைமழைக் காலத்தில் சோலார் தகட்டை நம்ப முடியாது.

போன ஆடியில் கம்பி அறுந்தது. சைரன் ஊதவில்லை. கோத்தகிரியில் அவள் அக்காவின் மாட்டுக்கொட்டகை மண்ணுக்குள் போனது.

பத்தடி தள்ளிப் பிள்ளைகள் படுத்திருந்தார்கள்.

அந்த சைரனில் இருந்தது இதே பட்டறையின் அலுமினிய வகைதான்.

தன் டப்பாவின் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

திருநீறு படிந்த விரல் தடங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக.

"தெனமும் மீட்டர் வெச்சுப் பாத்தீங்களாண்ணா?"

சென்னியப்பன் நெற்றியைத் தடவினார். "சாமி கும்பிட்டதும் ஒருக்கா பாப்பேன். உன்றத மட்டுந்தான். நீ செயிக்கோணும்ல, கோகிலா."

நல்ல மனுஷன் போங்கள். அளக்கும் ஒவ்வொரு முறையும் மீட்டர் கொஞ்சம் சார்ஜைக் குடிக்கும். நாற்பது நாளும் விடாமல் குடிக்க வைத்திருக்கிறார்.

அலுமினியத்தை யாரும் தொடவில்லை. அது தானாகவே கசிந்து தீர்ந்திருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே சிரிப்பும். பன்னிரண்டு வருடம் கூட வேலை பார்த்தவளுக்கு இந்த மனுஷனைத் தெரியாதா?

எழுந்துபோய்த் தன் அலமாரியைத் திறந்தாள். மாற்றுச் சேலைக்குப் பின்னால் மூன்றாவது டப்பா. அதே பிலிம் வகை. அதே நாளில் ஏற்றியது. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

மீட்டர் முனைகளை வைத்தாள்.

பதினொன்று புள்ளி ஏழு.

உடனே எடுத்துவிட்டாள்.

சென்னியப்பன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இன்னொருக்கா காட்டு சாமி."

அவள் மீட்டரைத் தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அக்கா வீட்டுக்கு மேலே போகப்போகும் சைரனை முன்னால் இழுத்தாள்.

அந்தக் கெப்பாசிட்டரை அதில் வைத்து அவள் ஈயம் பற்றவைத்து முடிக்கும் வரை, சென்னியப்பன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.