கதவு ஒரு வெள்ளை, வண்டி ஒரு வெள்ளை

பெயின்ட் ஷெட்லேர்ந்து காரை வெளிய வெயில்ல நிறுத்தினதும் குட்டு உடைஞ்சுபோச்சு. முதல்ல கண்டுபிடிச்சது டெய்லரம்மாவோட நாத்தனார்தான், புருஷனோட அக்கா.

"ஏன்டா தம்பி, புதுசா அடிச்ச கதவு மட்டும் பல்செட்டு மாதிரி தனியாப் பளிச்சுன்னு தெரியுதே?"

"வெயில்ல அப்படித்தான் தெரியும் அண்ணி"ன்னு டெய்லரம்மா அவசரமா முந்திக்கிட்டா.

காரணம் இருக்கு. அவ புருஷன் கம்பவுண்டருக்குக் கார்னா வெள்ளைதான். கல்யாணமான நாள்லேர்ந்து ஒரே பாட்டு. கறுப்பு வாங்கினா தூசி ஊரைக் கூட்டிச் சொல்லுமாம். சிவப்பு வாங்கினா ரெண்டே கோடைல சாயம்போன பாவாடையாயிடுமாம். வெள்ளைதான் ராஜாவாம். அதுவும் கம்பெனியில அடிச்ச பெயின்டா இருக்கணுமாம். நாத்தனார் வீட்டுக்காரர் பழைய காருக்கு மறுபெயின்ட் அடிச்சுக் கொண்டு வந்தப்போ, மனுஷன் அதை ஒரு சுத்து சுத்தி, மூக்கைச் சுருக்கி, "கிழவன் மீசைக்கு மை தடவின மாதிரி இருக்கு மச்சான்"னுட்டாரு. நாத்தனாருக்கு அது இன்னும் செரிக்கல.

அப்படிப்பட்டவரோட அம்பதாவது பொறந்த நாளுக்கு டெய்லரம்மா ஒரு காரே வாங்கிக் குடுத்தா. நாலு வருஷம் ஜாக்கெட் தைச்சுச் சேத்த காசு. அந்தக் காசுக்கு வெள்ளை எங்க கிடைக்கும்? வெளுத்துப்போன சிவப்பு ஒண்ணுதான் கிடைச்சுது. எங்கயோ ஒரு ஷெட்ல விட்டு வெள்ளை அடிச்சு, வண்டிப் புத்தகத்துலயும் வெள்ளைன்னு ஏத்தி, "கம்பெனி பெயின்ட்டுங்க"ன்னு சாவியை நீட்டிட்டா.

அன்னையிலேர்ந்து விடிஞ்சா வாளியும் துணியும்தான். வெயில்ல கழுவினா தண்ணி காஞ்சு திட்டு விழும்னு நிழல் தேடி நிறுத்துவாரு. காக்கா எச்சம் போட்டா, காயறதுக்குள்ள ஓடுவாரு. பெத்த பிள்ளைக்குக் கூட அந்த ஓட்டம் ஓடினதில்ல.

போன வாரம் ஒரு தள்ளுவண்டி கதவைக் கீறிட்டுப் போச்சு. தனக்குத் தெரிஞ்ச ஷெட்டுல விடலாம்னு இவ எவ்வளவோ சொல்லிப் பாத்தா. அவரு கேக்கல, இங்க கொண்டு வந்து விட்டுட்டாரு.

கதவைச் சுரண்டினவனுக்கு அடியில இருக்கிற சிவப்பு தெரியாமலா போயிருக்கும்? பெயின்டர் வாயைத் தொறந்தா போச்சு. அதுவும் நாத்தனார் முன்னாடி. ரெண்டு வருஷமா புருஷன்கிட்ட சொன்ன பொய், இந்த ஷெட்டு வாசல்ல அவுந்து விழும்.

கம்பவுண்டர் கதவைத் தடவினாரு. வண்டியைத் தடவினாரு. நாடி பாக்கிற மாதிரி கண்ணை மூடித் தொறந்தாரு.

"என்னய்யா இது?"

பெயின்டர் தலையைச் சொறிஞ்சான். டெய்லரம்மா அவனையே பாத்தா. அவன் இவளை ஒரு தடவை பாத்துட்டுத் தரையைப் பாத்தான்.

அந்த நேரம் பாத்து நாத்தனார் முன்னால வந்தாங்க. அவங்க கார் மறுபெயின்ட் ஆனப்போ நாலு ஷெட்டு ஏறி இறங்கின அனுபவம். "தம்பி, பானெட்டுக்குள்ள ஒரு தகடு இருக்கும்டா. கம்பெனி அடிச்ச கலரோட நம்பர் அதுல இருக்கும். அதைப் பாத்துக் கலந்தா அச்சா வரணும். தொறந்து பாரு, யாரு தப்புன்னு தெரிஞ்சுடும்."

தகடு. அதை மாத்தணும்னு அன்னைக்கு வெள்ளை அடிச்ச ஷெட்டுக்காரன் சொல்லவேயில்லையே. டெய்லரம்மா "வேணாம் அண்ணி"ன்னு சொல்லி முடிக்கல.

நாத்தனார் கை பானெட்டுக்குப் போயிடுச்சு. பாதி தூக்கியும் ஆச்சு.

கம்பவுண்டர் அதை ஒரே அறையா அறைஞ்சு சாத்தினாரு. சத்தத்துல ரெண்டு புறா பறந்துது.

"இப்பப் பாத்து என்னக்கா ஆகப்போகுது? கலக்கும்போதுல்ல பாத்திருக்கணும் இந்தத் தடியன்!"

அப்புறம் பெயின்டருக்கு விழுந்துது பாருங்க அர்ச்சனை. சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட லாயக்கில்லாதவன்னாரு. இவன் கைக்கு பிரஷ் குடுத்தவனையே உதைக்கணும்னாரு. இவன் கண்ணுக்குத் தன் டிஸ்பென்சரியில சொட்டு மருந்து இல்லைன்னாரு. இவனோட அப்பா, தாத்தா வரைக்கும் போய் விசாரிச்சிட்டு வந்தாரு.

பெயின்டர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு, கடைசியா ஒண்ணே ஒண்ணு சொன்னான். "நம்பரை நான் பாக்கலைங்க. கண்ணாலயே கலந்துட்டேன். தப்பு என்னோடதுதான். மறுபடி அடிச்சுத் தர்றேன்."

டெய்லரம்மாவுக்குப் போன உசுரு திரும்பி வந்துது. முன்பின் தெரியாத மனுஷன், தனக்காக இத்தனை வசவு வாங்கிக்கிட்டானே. பேசவும் முடியல, கையெடுத்துக் கும்பிடவும் முடியல.

"ரெண்டு பேரும் ரோட்டுக்குப் போய் ஆட்டோ பாருங்க, இவன்கிட்ட நாள் குறிச்சிட்டு வர்றேன்"னு கம்பவுண்டர் அனுப்பிட்டாரு. தெருமுனைக்குப் போனப்புறம்தான் கைப்பையை நாற்காலியிலயே விட்டது ஞாபகம் வந்துது. அண்ணியை நிக்கச் சொல்லிட்டு டெய்லரம்மா திரும்பி வந்தா.

தகரக் கதவுக்கு அந்தப் பக்கம் பெயின்டர் பேசிட்டிருந்தான்.

"உள்ள சிவப்பு இருக்கு, வெள்ளை ஒத்து வராதுன்னு நேத்து நான் போன் பண்ணப்போ, நாலு திட்டு திட்டுவேன், வாங்கிக்கன்னுதானே சார் சொன்னீங்க? எங்க தாத்தா என்ன சார் பண்ணாரு?"

"கோச்சுக்காதப்பா. அக்கா தகட்டுக்குப் போயிட்டாங்க, எனக்கு வேற வழி தெரியல. நான் திட்டாம விட்டாலும், எனக்கு விஷயம் தெரியும்னு என் வீட்டுக்காரிக்குச் சந்தேகம் வந்துடும்."

"உங்களுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"முத நாள் கழுவினப்பவே. கதவோரத்து ரப்பரைத் தூக்கினா உள்ள சிவப்பு."

"அப்ப கம்பெனி பெயின்ட் இல்லைன்னு தெரிஞ்சுமா சார் தினம் அப்படித் தேய்க்கிறீங்க?"

"நான் தேய்க்கும்போது அவ தையலை நிறுத்திட்டு ஜன்னல்ல நின்னு பாப்பாப்பா."