பற்றரி பூட்டாத விளக்கு

றிஸ்லான் சொந்தமாகக் கட்டும் காருக்கு நான்தான் வயரிங். சுவிட்ச், ரிலே எல்லாம் புதியவை. முன்விளக்குகள் மட்டும், எமிலி அக்காவின் கணவரை அடித்துக் கொன்ற வான் வண்டியிலிருந்து கழற்றியவை.

"அண்டைக்கு லைற்றடிச்சிருந்தா மனிசன் விலகியிருப்பார்" என்று அக்கா இன்றும் அழுவார்.

பற்றரி இன்னும் பூட்டவில்லை. ஆனாலும் கராஜ் வாசலால் யார் போனாலும் ரிலே சொடுக்கும், விளக்கு ஒருமுறை மின்னும்.

"இப்பதான் அதுக்குப் புத்தி வந்திருக்கு" என்று றிஸ்லான் சிரித்தான்.

இன்று காலை எமிலி அக்கா போனார், மின்னியது. பின்னால் அவர் மகள் டினுஷா சைக்கிளில் போனாள், மின்னவில்லை.

எமிலி அக்கா நின்றுவிட்டார். "தம்பி, என்ட பிள்ளைக்கும் ஒருக்கா அடிங்க."

ஓடிப்போய்ப் பற்றரியைப் பூட்டி சுவிட்சைப் போட்டேன். எரியவில்லை.

டினுஷா பெரிய றோட்டுக்கு ஏறிவிட்டாள்.